மேற்குப் பக்கத்துக் கற்கள்

ரெஜிலாவுக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. முற்றத்து அயனி மரத்தின் இருபுறமும் ஒரே கொத்தனார்தான் இன்டர்லாக் கல் பதித்தார். கிழக்கே கற்கள் பாய் விரித்தாற்போலக் கிடக்கின்றன. மேற்கே மட்டும் வேர் முட்டித் தூக்கி, போகிற வருகிற காலையெல்லாம் தட்டுகின்றன. மரமும் ஒன்று, மண்ணும் ஒன்று. வேருக்கு ஏன் இந்த ஓரவஞ்சனை?

பக்கத்து வீட்டு ஞானதாசன் அவள் கணவருக்கு அண்ணன்; முற்றம் இரண்டு வீட்டுக்கும் பொது. அவருக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. கல் தடுக்கி முழங்கால் சிராய்த்த மறுநாளே, வடசேரியிலிருந்து மரம் வெட்டும் சபீரைக் கயிறும் வாளுமாகக் கூட்டிவந்துவிட்டார்.

"சவத்த முறிச்சுப் போடு மக்கா. இலை அடைச்சு மாடித் தண்ணி போவமாட்டேங்கு. ஒக்கிப் புயல்ல எத்தனை மரம் வீட்டு மேல சரிஞ்சுது!"

"இலையை நான் வாருதேன் அத்தான். வீட்டு மேல சாஞ்ச கொம்பை வெட்டுங்க, அது நியாயம். மரத்த வெட்டாண்டாம்."

"கல்லைத் தூக்குதே, அதுக்கு என்ன சொல்லுத?"

அவள் மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். மரம் போனால் அவள் தையல் மெஷின் போட்டிருக்கும் ஒற்றை அறை அடுப்பாகிவிடும். பங்குனி வெயிலில் அத்தானின் மாடியில் வெறுங்கால் வைக்க முடியாது. அவள் மாடியில் நின்று கதை பேசலாம். மரம் வெயிலை மறிப்பதோடு நிற்பதில்லை. வேர் குடித்த தண்ணீரை இலைகள் ஆவியாக விடுகின்றன. அந்த ஆவி சுற்றியுள்ள சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது.

"விலகு பிள்ளே."

"மாட்டேன். என்னையும் சேர்த்துக் கயிறு கட்டுங்க."

சபீர் சிரித்தான். "அண்ணாச்சி, இவிய மரத்தைவிட உறுதியால்லா நிக்காவ! நான் சாயா குடிச்சிட்டு வாறேன்."

அவன் திரும்புவதற்குள், கல் ஏன் எழும்புகிறது என்பதற்குப் பதில் வேண்டும். ரெஜிலா யோசித்தாள். ஈரம் இருக்கும் இடத்தில்தான் வேர் செழிக்கும். மழை இரண்டு பக்கமும் பெய்கிறது. மேற்கே மட்டும் இருப்பது எது? கல்லுக்கு அடியில் தெரு ஓடைக்குப் போகும் ஒரு பழைய சுட்டமண் ஓட்டுக்குழாய். அத்தான் வீட்டுக் குளியலறைத் தண்ணீர்!

வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தைப் புட்டியோடு வாளித் தண்ணீரில் கவிழ்த்தாள். நேரே அத்தான் வீட்டுக் குளியலறைக்குள் நுழைந்து மடமடவென்று ஊற்றினாள்.

"கிறுக்கு பிடிச்சிட்டா உனக்கு?" என்று ஞானதாசன் பின்னாலேயே ஓடிவந்தார்.

அவள் வெளியே வந்து, எழும்பிய கற்களைப் பெயர்த்தாள். அடிமணல் நீலமாய் ஊறிக்கொண்டிருந்தது. தோண்டினாள். குழாய் இணைப்பில் விரிசல். அதற்குள் சவுரிமுடி போல ஒரு வேர்க்கொத்து.

"பாத்தியளா? வேரு குழாயை உடைக்கல்ல. உங்க குழாய் ஒழுகிச்சு, வேரு குடிக்க வந்துது. குடிச்சுப் பெருத்துது, கல்லு எழும்பிச்சு."

"குழாய் எப்பம் உடைஞ்சுது?"

"உங்க மக கல்யாணத்துக்குக் கல்லு பதிச்சப்பம் மெஷினை வச்சுத் தடதடன்னு இடிச்சாவளே, அப்பமாத்தான் இருக்கும். அடியில பழைய குழாய் கெடக்குன்னு நான் சொன்னேன். கேட்டியளா?"

சாயா குடித்து வந்த சபீர் குழிக்குள் எட்டிப் பார்த்தான். "அப்பம் எதை வெட்டணும் அண்ணாச்சி? குளிமுறியையா?"

சாய்ந்த கொம்பு மட்டும் இறங்கியது. ஓட்டுக்குழாயை எடுத்துவிட்டு, பசை போட்டு ஒட்டிய பிவிசி குழாயைப் பதித்தார்கள். குழாய்க்குள் புகுந்த வேர்முடியை மட்டும் நறுக்கினார்கள். பெரிய வேரைத் தொட்டால் மரம் காற்றுக்கு நிற்காது. அந்த வேரின் மேலும் மரத்தைச் சுற்றியும் கல் பதிக்காமல் மணலாக விட்டார்கள், மழைத்தண்ணீர் இறங்கட்டும் என்று. ஒழுகாத குழாய்க்குள் வேர் நுழையாது.