ரெண்டு பேர் ஆனால் கூட்டம்

காரமடைக்குத் தெற்கே மூன்று ஏக்கரில் கறிவேப்பிலையும் இரண்டு ஏக்கரில் வாழையும் வைத்திருந்த தம்பிதுரைக்கு, மேட்டுப்பாளையத்திலிருந்து காந்திபுரம் வரைக்கும் எந்தப் பிராந்திக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது மனப்பாடம். குடியை விடுவதற்கு எங்கே போய் யாரைக் கேட்பது என்பதுதான் நாற்பத்திரண்டு வயதாகியும் தெரியவில்லை.

விட வேண்டும் என்று நினைக்காதவரில்லை. ஐயப்பனுக்கு மாலை போட்டு நாற்பத்தெட்டு நாள் தொடாமல் இருந்திருக்கிறார். மாலையைக் கழற்றிய அன்றே எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்துக் குடித்தார். மனைவி நஞ்சம்மாளின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். யாரோ கொடுத்த பச்சிலைப் பொடியைத் தின்று மூன்று நாள் வாந்தி எடுத்ததும் உண்டு.

தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, எட்டாவது படிக்கும் மகள் லோகப்பிரியா ரேங்க் கார்டைக் கொண்டுவந்து நீட்டினாள். தம்பிதுரை பேனாவைப் பிடித்தார். கை நடுங்கியது. இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். பேனா நழுவிக் கீழே விழுந்தது.

"உடுங்கப்பா, நானே போட்டுக்கறேன்" என்று அவள் கார்டை வாங்கி, ஜன்னல் கட்டையில் வைத்து அவருடைய கையெழுத்தைப் போட்டாள். கடைசி எழுத்துக்குக் கீழே அவர் இழுக்கும் கோடுகூட அப்படியே இருந்தது.

"எப்ப அம்மணி பழகுன இத?"

"ஆறாவதுல இருந்துங்கப்பா. காலையில உங்களுக்குக் கை நடுங்குமில்லீங்க."

அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

தம்பிதுரை சமையலறை வாசலில் போய் நின்றார். "நஞ்சா, என்னைய எங்கியாவது ஆஸ்பத்திரில சேத்துபோடு."

நஞ்சம்மாள் ஏன் என்று கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுச் சேலை மாற்றப் போனாள். கேள்வி கேட்டால் எங்கே மனம் மாறிவிடுவாரோ என்று பயந்ததாகப் பின்னால் ஒருநாள் சொன்னாள்.

கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தார். முதல் மூன்று நாளும் சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று கத்தினார். அதற்கப்புறம் தூக்கம் வந்தது, பசி வந்தது. வீட்டுக்குப் போகலாம் என்ற அன்று டாக்டர், "இனித் தொட்டா ஈரல் தாங்காது" என்றார். தம்பிதுரை தலையாட்டினார். இதற்கு முன்னும் பல பேரிடம் இப்படித் தலையாட்டியவர்தான்.

கையிலிருந்த ஊசியைக் கழற்ற வந்த நர்ஸ் பங்காரு அந்தத் தலையாட்டலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, ஒம்பது நாளு இங்க நாங்க பாத்துக்கிட்டோம். பத்தாவது நாளு என்ன பண்ணுவீங்க?"

பங்காரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை, நாலு மணி, காந்திபுரத்தில் ஒரு டுடோரியல் காலேஜ், மாடியறை.

"உங்களாட்டம் குடிச்சு நிறுத்துனவங்க கூடி உக்காந்து பேசுவாங்க. ஏ.ஏ.ன்னு பேரு. மருந்து மாத்திரை ஒண்ணுமில்லீங்க, பேச்சுத்தான்."

"பேசுனா நின்னுருமாங்க?"

"அது எனக்குத் தெரியாதுங்க. நின்னவங்களப் பாத்திருக்கறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை, "நானும் வாரனுங்க" என்றாள் நஞ்சம்மாள்.

"வேண்டாம். தனியாப் போயிட்டு வாரேன்."

தனியாகக் காந்திபுரம் போன மனிதர் எப்படித் திரும்புவார் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் கால்கள் தானாகப் பழகிய பக்கம் திரும்பின. கடை திறந்திருந்தது. உள்ளிருந்து வந்த வாசனையில் நாக்கு ஊறியது. எதிரே பழவண்டிப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்கே தெரியாது. பிறகு யாரோ முதுகைத் தள்ளினாற்போல எதிர்த்திசையில் நடந்தார். குடிகாரர்கள் கூடும் இடம் எங்கே என்று யாரிடம் கேட்பது? டுடோரியல் காலேஜ் எங்கே என்று கேட்டார். ஒருவர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு அனுப்பினார், இன்னொருவர் அங்கிருந்து திருப்பி அனுப்பினார். மாடிப்படி ஏறும்போது நாலே கால் தாண்டிவிட்டது.

அறையில் பன்னிரண்டு நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. ஒன்றில் மட்டும் ஓர் ஒல்லியான மனிதர் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்தில் ஒரு டீ பிளாஸ்க். தப்பான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று தம்பிதுரை திரும்பினார்.

"வாங்க, வாங்க! இதுதானுங்க."

"கூட்டம்னு சொன்னாங்க..."

"கூட்டந்தானுங்க. இத்தனை நேரம் நான் ஒருத்தன். இப்ப நீங்க வந்துட்டீங்க. ரெண்டு பேரு ஆனா கூட்டங்க." அவர் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டார். "என்ற பேரு யாகூப். நான் ஒரு குடிநோயாளி. நீங்க பேரு மட்டுஞ் சொன்னாப் போதுங்க. சொல்லாட்டியும் பரவாயில்லை."

யாகூப் உக்கடத்தில் காருக்கு சீட் தைப்பவர். குடிப்பதற்காகத் தையல் மிஷினையே விற்றவர். மனைவி தாஜுன்னிசா இரண்டு வருஷம் பொள்ளாச்சியில் தாய் வீட்டோடு இருந்தார். இதையெல்லாம் வேறு யாருக்கோ நடந்ததுபோல மறைக்காமல் சொன்னார். குடியை விட்டு மூன்று வருஷமாகிறதாம்.

"பாட்டில சீட்டுப் பஞ்சுக்குள்ள ஒளிச்சு வெப்பனுங்க. ஒருநாளு அதையுஞ் சேத்துத் தெச்சு கார அனுப்பிப்போட்டேன். அந்தக் காரத் தேடிட்டு ஊரெல்லாம் சுத்துனனுங்க."

தம்பிதுரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய பாட்டில் தோட்டத்து மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். சிரித்து முடித்ததும், யாரும் கேட்காமலே மகள் போட்ட கையெழுத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நஞ்சம்மாளிடம்கூட அவர் அதைச் சொல்லியிருக்கவில்லை. பாதியில் அழுகை வந்தது. யாகூப் டீயை ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டு, அவர் முடிக்கும்வரை காத்திருந்தார்.

மணி ஐந்தரை ஆனதும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே, "வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க" என்றார் யாகூப்.

"நானில்லீங்களா உங்களுக்குச் சொல்லோணும்?"

"இல்லீங்க. முன்னால ஏழெட்டுப் பேரு வந்துட்டிருந்தோம். ஒருத்தருக்குத் திருப்பூருல வேலை கெடச்சுது. ரெண்டு பேரு மறுபடி குடிக்கப் போயிட்டாங்க. மத்தவங்களும் ஒவ்வொருத்தரா வாரத நிறுத்திட்டாங்க. ஒம்பது வாரமா நாந்தான் இந்த நாற்காலிகளப் போட்டு, தனியா உக்காந்து, எடுத்து வெச்சுட்டுப் போறேன். இன்னைக்கு சாவியத் திருப்பிக் குடுத்தறலாம்னு நெனச்சுட்டுத்தான் வந்தனுங்க. குடுத்துட்டு நேரா எங்க போயிருப்பேன்னு உங்களுக்குச் சொல்லோணுமா?"

பஸ்ஸில் வரும்போது தம்பிதுரை அதையே நினைத்துக்கொண்டிருந்தார். கல்யாண வீடுகளில் அவர் கிளம்பிப் போனால்தான் எல்லோரும் மூச்சு விடுவார்கள். ஓர் இடத்துக்கு வந்ததற்காக அவருக்கு யாரும் நன்றி சொன்னதில்லை.

அன்றிரவு குடிக்கவில்லை. மறுநாளும் குடிக்கவில்லை. ஞாயிறு தவறாமல் போய் வந்தார். ஆறு மாதம் ஓடியது. தை மாதக் கடைசியில் பவானியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். ஒரே ஒரு டம்ளர் என்று யாரோ நீட்ட, இரண்டு நாள் எழுந்திருக்கவே இல்லை. அதற்கப்புறம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தை விட்டு அசையவில்லை. குடிக்கவில்லை, ஆனால் எந்த நேரமும் குடித்துவிடுவார் போலிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வாய்க்கால் வரப்பில் யாகூப் வந்துகொண்டிருந்தார். தோளில் ஒரு கட்டுக் கறிவேப்பிலை.

"காரமடைக்காரர், கறிவேப்பிலைத் தோட்டம், இது ரெண்டுதானுங்க எனக்குத் தெரியும். சந்தையில விசாரிச்சேன். என்ன விஷயம்னு கேட்டாங்க. கூட்டத்தப் பத்திச் சொல்ல முடியுங்களா? கறிவேப்பிலை வாங்க வந்தேன்னு சொல்லிப்போட்டேன். அங்கயே ஒருத்தரு பிடிச்சு ஒரு கட்டக் குடுத்துட்டாருங்க."

கறிவேப்பிலைத் தோட்டத்துக்குள் கறிவேப்பிலையைச் சுமந்துகொண்டு நின்றவரைப் பார்த்து நஞ்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இவர் யார் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எந்த மூஞ்சிய வெச்சுட்டு வாரது தம்பி?" என்றார் தம்பிதுரை.

"அந்த மூஞ்சிய வெச்சுட்டுத்தானுங்க நாங்க எல்லாருமே வந்தோம்."

அதற்குமேல் யாகூப் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அரிசிம்பருப்புச் சோற்றை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார், வாழைக்கு வந்த நோயைப் பற்றி விசாரித்தார், மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார். அந்த ஞாயிறு தம்பிதுரை முதல் ஆளாக மாடியேறி நாற்காலிகளை எடுத்துப் போட்டார்.

பங்காரு ஆஸ்பத்திரியிலிருந்து ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருந்தார். மில்லில் வேலை பார்க்கும் பாலுசாமி வந்தார். தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற சுந்தரராஜுலு வந்தார். நாற்காலிகள் போதாமல் பெஞ்சு கேட்டு வாங்க வேண்டியதாயிற்று.

அடுத்த வருஷம் மாசியில் தம்பிதுரைக்குக் குடிக்காமல் முழுதாக ஒரு வருஷம் முடிந்தது. அன்றைக்குக் குடும்பத்தாரும் வரலாம் என்றார்கள். தாஜுன்னிசா ஒரு தூக்கு நிறைய டீ போட்டுக் கொண்டுவந்திருந்தார். எல்லோரும் பேசி முடித்ததும் யாகூப் நஞ்சம்மாளைப் பார்த்து, "நீங்க ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

நஞ்சம்மாள் எழுந்து நின்றாள். வட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். கடைசியில், "எல்லாரும் இன்னொரு டம்ளர் டீ குடியுங்க" என்றாள்.

அறையே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, தாஜுன்னிசாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

திரும்பும்போது பஸ்ஸில் இருவருக்கும் சேர்ந்தாற்போல இடம் கிடைத்தது. இத்தனை வருஷமும் எந்தப் பயணத்திலும் நஞ்சம்மாள் கண்ணசந்ததில்லை. எந்த ஸ்டாப்பில் இவர் இறங்கி ஓடிவிடுவாரோ என்று பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விழித்தே வருவாள். அன்றைக்குத் துடியலூர் வருவதற்குள் அவள் தலை சாய்ந்து அவர் தோளில் விழுந்தது. பெரியநாயக்கன்பாளையத்தில் கூட்டம் ஏறியது, சத்தம் போட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. தோள் மரத்துப்போனது. தம்பிதுரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

காரமடையில் பஸ் நின்றதும், "நஞ்சா, ஊரு வந்துருச்சு" என்று எழுப்பினார்.

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "தூங்கிட்டனாங்க?"

"ஆமா. நல்லாத் தூங்குன."