சம்பந்திக்கு முதல் இலை

சம்பந்தியம்மா காத்தாயி நார்த்தாமலையிலிருந்து இரண்டு பஸ் மாறி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவர் கையில் கால் கட்டிய நாட்டுக்கோழி ஒன்று தொங்கியது. வைகாசிக் கடைசி. வெயிலில் வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். அவர் வாங்கவில்லை.

“அண்ணே, இந்தக் கோழிய அடிச்சுச் சாறு வச்சுக் குடிங்க. இல்லன்னா எம் மகளுக்கு வாங்கிக் குடுத்த பேரை நீங்களே தொடைங்க. ரெண்டுல ஒண்ணு இன்னிக்குத் தெரியணும்.”

“என்ன பேரு தங்கச்சி?”

“புருசன் சிங்கப்பூர்ல, மாமனாரு பட்டினியிலன்னு பேரு. எங்க அண்ணன் மகன் கோபிநாத்து கீரமங்கலம் பஸ் ஸ்டாண்டுல ஒங்களைத் தூக்கி ஒக்கார வச்சானாமே? ‘ஏன் அத்த, ஒங்க மக மாமனாருக்குச் சோறு போடுறாளா, மோந்து பாக்கச் சொல்றாளா’ன்னு கல்யாணப் பந்தியில வச்சுக் கேக்குறான். நூறு பேரு சிரிக்கிறாங்க. எலையில எனக்குக் கை போகல.”

என் பெயர் முனியசாமி. வயது எழுபத்தொன்று. எங்கள் ஊர்ப் பால் சொசைட்டிக்கு இரண்டு முறை தலைவராக இருந்தவன். எங்கள் வாசலில் நின்று இதுவரை யாரும் இப்படிப் பேசியதில்லை. பேச நாங்கள் இடம் வைத்ததில்லை. உள்ளே என் மருமகள் செவந்தி அடுப்பங்கரைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். மார்கழியில் எங்கள் பசு ஈன்ற காளைக்கன்றை விற்றுவிட்டோம். மூன்று நாள் தாய்ப்பசு சாலையைப் பார்த்துக் கத்தியது. இப்படி எத்தனையோ பசு கத்தி நான் கேட்டிருக்கிறேன். நாலாம் நாள் காலை செம்பில் பால் வந்தது. தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. அன்றோடு பால், மோர், நெய், முட்டை, மீன், கறி எல்லாவற்றையும் விட்டேன். மற்றவர்கள் குடிப்பதை நான் தடுக்கவில்லை. பசு இன்றும் தொழுவத்தில்தான் நிற்கிறது.

“இதுக்கு வீகன்னு பேரு மாமா,” என்று செவந்தி போனில் பார்த்துச் சொன்னாள்.

“பேரெல்லாம் எதுக்கு? ஒண்ணு மட்டும் சொல்றேன். எனக்குன்னு தனியா ஒரு சட்டி அடுப்புல ஏறக் கூடாது.”

அதுதான் நான் போட்ட உத்தரவு. மருமகளிடம் அது வேண்டும் இது வேண்டும் என்று நாக்கை நீட்டுகிற மாமனார்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வரிசையில் நான் சேரக் கூடாது. வீட்டில் மீன் குழம்பு வைத்தால் எனக்கு ரசம். முட்டை வைத்தால் ரசம். ஊறுகாய் உண்டு, அப்பளம் உண்டு. டீக்கடையில், “பால் சொசைட்டித் தலைவருக்கு வரக்காப்பி ஒண்ணு போடப்பா” என்று கிண்டல் செய்தார்கள். இப்போது சாப்பாடு என்ன என்று கேட்டால், “ரசஞ்சோறு, அது போதும்” என்று தலை நிமிர்ந்து சொன்னேன். ஐந்து மாதம் சொன்னேன். மேல்சட்டை தோளிலிருந்து தொங்கியது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஒரு நாள் கண் இருட்டியது. பூ ஏற்றிப் போக லோடு ஆட்டோவில் வந்த கோபிநாத்துதான் பிடித்தான். நான் பெருமையாகச் சொன்ன ரசஞ்சோறு ஊர் வாய்க்குப் போய் என் மருமகள் தலையில் விடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“கோழிய அவுத்து விடுங்க தங்கச்சி,” என்றேன். “நான் விட்டது விட்டதுதான். பேரைத் தொடைக்கிறது என் பொறுப்பு.”

காத்தாயி கோழியை விட்டார், பேச்சை விடவில்லை. அவர் பஸ் ஏறிப் போன பிறகு செவந்தியைக் கூப்பிட்டேன்.

“இதெல்லாம் ஒனக்கு முன்னாலயே தெரியுமா?”

“தெரியும் மாமா. பால் ஊத்தப் போற எடத்துல கேக்குறாங்க. கடையில கேக்குறாங்க.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா மட்டும்? சுண்டல் வச்சா, எதுக்கு இந்தத் தனி வேலைன்னு தள்ளி வச்சுட்டீங்க. கீரையில கடலைப் பொடி தூவுனா, எனக்காகவான்னு மொறச்சீங்க. நீங்களா கேக்க மாட்டீங்க. நானா வச்சா திங்க மாட்டீங்க. நான் ஊருக்கு என்ன பதில் சொல்றது?”

அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் அவளை அழைத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். ரத்தம் ஒன்பதுதான் இருந்தது. நர்ஸ் இனியா சீட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. எங்கள் ஊர்ப் பெண்தான்.

“என்னென்ன விட்டீங்க ஐயா?”

வரிசையாகச் சொன்னேன்.

“சரி. அந்த எடத்துல என்ன வச்சீங்க?”

“ரசம்.”

“கறி எடத்துல?”

“ரசம்.”

“பால் எடத்துல?”

செவந்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஐந்து மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

“விட்டது தப்பில்லைங்கய்யா. விட்ட எடத்தைக் காலியா வச்சதுதான் தப்பு. பருப்பு, பயறு, கடலை தெனமும் வேணும். கேழ்வரகு, எள்ளு, கீரை மாத்தி மாத்தி வரணும். பயறு, கீரை திங்கும்போது எலுமிச்சம்பழம் புழிஞ்சுக்குங்க. தின்ன ஒடனே காப்பி குடிக்காதீங்க. பி-பன்னெண்டு மட்டும் எந்தக் கீரையிலயும் வராது. அதுக்கு டாக்டர் மாத்திரை எழுதியிருக்காரு, விடாமப் போடணும்.”

“எங்க வம்சத்துல மாத்திரையும் சோறுமா யாரும் தின்னதில்லம்மா.”

“ஒங்க வம்சத்துல பாலை விட்டவங்களும் யாரும் இல்லையேங்கய்யா,” என்றது இனியா. மாத்திரையை வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் உத்தரவை நானே விலக்கிக்கொண்டேன். செவந்தி அப்போதும் தனிச் சட்டி ஏற்றவில்லை; வீட்டுச் சட்டியையே மாற்றினாள். காலையில் எல்லாருக்கும் கேழ்வரகு அடை. முளைகட்டிய பயறு. மதியம் கொள்ளு மசியல் ஒரு நாள், பலாக்கொட்டை போட்ட பருப்புக் குழம்பு ஒரு நாள். எங்கள் கொல்லையில் முருங்கை இருக்கிறது, காட்டில் கடலை விளைகிறது, தென்னை நிற்கிறது. விளைந்ததையெல்லாம் சந்தைக்கு அனுப்பிவிட்டு நான் ரசம் குடித்திருக்கிறேன். கடலையை அரைத்துப் பாலெடுத்து மோர் போல் புளிக்க வைத்துப் பார்த்தாள். முதல் தடவை வந்ததை வைத்துச் சுவர் பூசலாம். நான்காம் தடவை நன்றாக வந்தது. இரண்டாம் கிளாஸ் கேட்டேன். அப்படிக் கேட்க எனக்குப் பழக்கமில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டுதான் கேட்டேன்.

ஆவணியில் காத்தாயியின் மகன் வழிப் பேரனுக்குக் காதுகுத்து. கிடா விருந்து. அவர்கள் வீட்டு வழக்கப்படி சம்பந்திக்கு முதல் இலை. அவர் கை வைத்த பிறகே பந்தி சாப்பிடும். கை வைக்காமல் எழுந்தால் வீட்டுக்காரர்கள் ஊரில் தலை காட்ட முடியாது. உடம்பு சரியில்லை என்று போகாமல் இருக்கலாம். இருந்தால், ஊர் சொன்னது உண்மையாகிவிடும்.

காத்தாயி போன் செய்தார். “அண்ணே, ஒங்க எலையில நான் என்னத்த வைக்கிறது?”

“அதை ஒங்க மகக்கிட்ட கேளுங்க,” என்றேன். செவந்தி முந்தின நாளே பாத்திரங்களோடு போனாள்.

பந்தலில் இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் இலையில் செவந்தியே பரிமாறினாள். கொண்டைக்கடலைக் கறி, பருப்பு உருண்டைக் குழம்பு, முருங்கைக்கீரை, எள்ளுத் துவையல், தேங்காய்ப் பாலில் பாயசம். இலை கொள்ளவில்லை. கறி வாளியோடு வந்த கோபிநாத்து என் முன்னால் நின்றான்.

“மாமா, எலும்புச் சாறாச்சும் ஒரு கரண்டி ஊத்தவா? மயங்கி விழுந்தா மறுபடி நான்தான தூக்கணும்?”

சுற்றிலும் சிரித்தார்கள். செவந்தியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. நான் இலையில் கை வைக்காமல் எழுந்தேன். சிரிப்பு நின்றது. காத்தாயி பதறிப்போய் ஓடி வந்தார்.

“கோபிநாத்து, நீ என்னைத் தூக்குனது நெசம். அதுக்கு நான் கடமைப்பட்டவன். அஞ்சு மாசம் நான் வெறும் ரசஞ்சோறு தின்னதும் நெசம். ஆனா அதை எனக்கு யாரும் போடல. வேற எது வச்சாலும் வேணாம்னு தள்ளுனவன் நான். எம் மருமக என்னைப் பட்டினி போடல. பட்டினி போட்டது என் வீம்பு. கேட்டுத் திங்கிறது கேவலம்னு நெனச்சேன், அதுக்கு அவ பேச்சு வாங்குனா. இதுல யாருக்காச்சும் சந்தேகம் இருந்தா இப்பவே கேளுங்க. அப்புறம் சாப்பிடலாம்.”

இலைக்கு முன்னால் பசியோடு இருந்த இருநூறு பேரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் சபையில் நின்று தப்பை ஒப்புக்கொண்டவர் எனக்கு முன் யாரும் இல்லை. யாராவது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று உட்காரும்போது தோன்றியது. முதுகு வளையவில்லை, முன்னைவிட நேராகத்தான் இருந்தது.

இலையில் கை வைத்தேன். பந்தி சாப்பிட ஆரம்பித்தது.

“செவந்தி, அந்தக் கடலைக் கறி இன்னும் ரெண்டு கரண்டி வை.”

“வயிறு என்னத்துக்கு ஆகும் மாமா?”

“வைம்மா.”

வைத்தாள். மறுபடியும் கேட்டேன், மறுபடியும் வைத்தாள். கோபிநாத்து வாளியைக் கீழே வைத்துவிட்டு என் இலையைப் பார்த்தான். “அத்தாச்சி, அந்த உருண்டையில எனக்கு ரெண்டு எடுத்து வையி,” என்றான்.

“மொதல்ல மாமா திங்கட்டும். மிச்சம் இருந்தாப் பாக்கலாம்,” என்றாள் செவந்தி.

நான் கை கழுவித் திரும்பும்போது காத்தாயி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பந்தலின் குறுக்கே போய்க்கொண்டிருந்தார். ஒவ்வொரு வரிசையிலும் நின்று, “எம் மக. சமைச்சது இவதான்,” என்று சொன்னார். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த பெண். அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் அவளைப் பாவாடை கட்டிய நாளிலிருந்து தெரியும். ஆனாலும் கடைசி வரிசை வரை காத்தாயி சொல்லிக்கொண்டே போனார்.