வட்டம் போடாத ஒன்பது நாட்கள்

என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று தொழிற்சாலை முழுக்கப் பேச்சு. அந்தப் பெருமையில் இடி விழட்டும்.

சோதனைக்கு என் மேசைக்கு வரும் கண்ணாடியில் இரண்டு கம்பியை மாட்டி மின்சாரம் கொடுப்பேன். ஓரத்திலிருந்து நீலம் ஏறி, சில நிமிடத்தில் முழுக்கக் கருத்துவிடும். பெரிய இடத்து ஜன்னல்களுக்கு, திரைக்குப் பதிலாக. திரையை இழுத்தால் அவர்களுக்குக் கை வலிக்கும் போலிருக்கிறது. நிறம் ஏறாத இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். அதைச் சுற்றி வட்டம் போடுவேன். மூன்று வட்டத்துக்கு மேல் போனால் கழித்துவிடுவேன்.

புள்ளிக்குக் காரணம் தூசு. கண்ணாடிக்கு உலோகப் பூச்சு ஏற்றும் இரும்பு அறையின் சுவரிலும் அந்த உலோகம் படிந்து, செதிலாகக் கண்ணாடிமேல் உதிரும். நான் கழித்தால் மணி அடிக்கும். ஓர் ஆள் உள்ளே போய்ச் சுவரைச் சுரண்டுவார். நான்கு அறைகளில், என் மேசைக்குக் கண்ணாடி வரும் முதல் அறைக்கு அந்த ஆள் என் கணவர். ஏழு வருடமாக நான் வட்டம் போட, அவர் உள்ளே போனார்.

"நுரையீரல் பூரா உலோகத் தூசு. போனது போனதுதான். இனிமே உள்ள போகாம இருந்தா, மிச்சத்தைக் காப்பாத்தலாம்" என்றார், அவருடைய இருமலுக்குப் பார்த்த மருத்துவர்.

"டாக்டர்னா அப்படித்தான் பயமுறுத்துவாங்க. எனக்கு வேற என்ன வேலை தெரியும்?" என்றார் இவர், வெளியே வந்ததும்.

மறுநாளிலிருந்து நான் வட்டம் போடவில்லை. ஐந்து புள்ளி, எட்டுப் புள்ளி, எல்லாவற்றுக்கும் நல்லது என்று முத்திரை குத்தினேன். மணி அடிக்கவில்லை. ஒன்பது நாள் அவர் வெளியே கண்ணாடிக்குப் பெட்டி கட்டினார். இருமல் கொஞ்சம் அடங்கியது. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தார்.

"நான் கடைசியா சுரண்டினதுக்கப்புறம் நம்ம அறையில ஒண்ணுகூடக் கழியலையாம். என்னை மாதிரி யாராலயும் முடியாதுன்னு மேனேஜரே சொல்லிட்டாரு. நாளைலேர்ந்து நாலு அறையும் எனக்குத்தான்!"

அவரை யாரும் பாராட்டி நான் கேட்டதே இல்லை. அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காலையில் மேலாளரிடம் போய்க் கொட்டிவிட்டேன். "அவர் சுரண்டினதால இல்ல சார். நான்தான் புள்ளியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டேன். என்னை வேலையை விட்டு எடுத்துடுங்க. அவரை மட்டும் உள்ள அனுப்பாதீங்க."

மேலாளர் கோபப்படவில்லை. கணினியைத் தட்டிப் பார்த்தார்.

"நீ விட்டதுல பாதிக் கண்ணாடி ஜன்னல்ல மாட்டியே ஆச்சு. ஒருத்தர்கூடக் குறை சொல்லலையேம்மா."

"எட்டுப் புள்ளி இருந்துச்சு சார்."

"அதை யாரு உத்துப் பார்க்கப் போறாங்க? அப்போ இனிமே யாரும் சுரண்டவே வேண்டாம். அவரையும் சுரண்டறதை நிறுத்திக்கச் சொல்லிடு."

நான்காம் அறை வாசலில் என் கணவர் முகமூடியை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"உள்ள போக வேண்டாமாம்" என்றேன்.

"ஏன், சுத்தமாவா இருக்கு?"

"இல்லைங்க. அழுக்கா இருந்தாலும் பரவாயில்லையாம்."

"எப்பலேர்ந்து?"

அவர் முகமூடியின் பட்டையை நானே கழற்றினேன்.

"ஆரம்பத்துலேர்ந்தே."