மாப்பிள்ளை கொடுத்த பெனால்டி

“அது தோளுய்யா! தோளுக்கும் கைக்கும் வித்தியாசம் தெரியாதவன் வாயில விசில சொருகி வுட்டது யாரு?”

“பாய், கப்பு எங்க கையில கீது. இனிமே அது தோளா இருந்தா இன்னா, தொடையா இருந்தா இன்னா?”

“திருட்டுக் கப்புய்யா அது!”

“யாரப் பாத்து திருட்டுன்ற? ஜெயிச்ச எங்களுக்கே வயிறு எரியுது. நியாயமா மூணு பெனால்டி வரணும். ஒண்ணோட நிறுத்திக்கினான் அந்த மவராசன். கோலு போட்ட புள்ளய வேற வெளிய தொரத்திட்டான்!”

தண்டையார்பேட்டை மைதானத்தில் பரிசளிப்பு முடிந்து, மைக் செட்காரர் வயரைச் சுருட்டத் தொடங்கிவிட்டார். கூட்டம் மட்டும் கலையவில்லை. தோள் என்று கத்தியவர் எங்கள் காலடிப்பேட்டை சௌக்கத் அலி, லாரிகளுக்குத் தார்ப்பாயும் கயிறும் விற்பவர். எங்கள் அணி தோற்ற அன்று அவர் வீட்டில் டிவி ஓடாது. மேட்சுக்குப் போகாதவர்கள் அதை வைத்தே முடிவைத் தெரிந்துகொள்வார்கள். எதிரில் நின்றவர் வியாசர்பாடி அப்பாவு. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. தன் அணி தோற்றாலும் ஜெயித்தாலும் ரெஃப்ரியைத் திட்டாமல் அந்த மனிதர் வீட்டுக்குப் போனதாகச் சரித்திரம் இல்லை.

நடந்தது இதுதான். கடைசி நிமிடம் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்பாவுவின் அக்கா மகன் சித்தார்த் உதைத்த பந்து, சௌக்கத் அலியின் மகன் ரஷீதின் மேல் பட்டுத் திரும்பியது. ரெஃப்ரி தவ்ஃபீக் விசில் ஊதி, பந்து கையில் பட்டது என்று பெனால்டி கொடுத்தான். சித்தார்த் கோல் போட்டான். போட்ட குஷியில் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றினான். ஏற்கெனவே ஒரு மஞ்சள் அட்டை வாங்கியிருந்தவன். சட்டைக்காக இன்னொன்று கிடைத்து, சிவப்பாகி, வெளியே போனான். பெனால்டியால் எங்களுக்கு எரிச்சல், சிவப்பு அட்டையால் அவர்களுக்கு எரிச்சல். இரண்டு பேட்டையும் ஒரே நேரத்தில் ஒரே ஆளைத் திட்டியதை அன்றுதான் பார்த்தோம்.

இந்தப் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. ரெஃப்ரி இரண்டு பேட்டையையும் சேராதவனாக இருக்க வேண்டும். பேட்டை மட்டுமல்ல, சொந்தம், சிநேகிதம், வேலை என்று எல்லாவற்றையும் துருவி விசாரிப்பார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இத்தனை விசாரிப்பதில்லை. ஆள் முடிவாவதற்குள் இரண்டு வாரமாவது சண்டை நடக்கும். இந்த வருடம் மட்டும், “கொருக்குப்பேட்டை தவ்ஃபீக்” என்று யாரோ சொல்ல, ஒரு டீ ஆறுவதற்குள் இரண்டு தரப்பும் தலையாட்டிவிட்டன. அப்போதே எனக்குக் கொஞ்சம் உதைத்தது.

உதைத்தது சரிதான். மைதானத்தில் கோபம் உச்சிக்குப் போனபோது சௌக்கத் அலியின் வாயிலிருந்தே அது வந்து விழுந்தது.

“எம் பொண்ண கட்டப் போறவன், எம் புள்ள மேலயே பெனால்டி குடுக்கிறான்னா, நீங்க இன்னா சொக்குப்பொடி போட்டீங்க அவனுக்கு?”

அப்பாவு ஓரடி பின்னால் போனார்.

“இன்னா? தவ்ஃபீக்கு உன் வூட்டு மாப்புள்ளயா? தெரிஞ்சிகினேவா அவன ரெஃப்ரியா ஒத்துக்கினே?”

“ஏன், நீ மட்டும் இன்னாத்துக்கு ஒத்துக்கினே?”

“அவன் எங்க கிரவுண்டுல பந்து கத்துகினவன்யா! எம் பொண்டாட்டி பட்டம்மா கையால மீன்கொழம்பு துன்னு வளந்த புள்ள. நம்ம ஆளுன்னு நெனச்சித்தான…”

மீதியை அவர் விழுங்கிவிட்டார். ஆனால் சுற்றி நின்றவர்களுக்கு அது போதும். மைக் செட்காரர் வயரைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் ஆள் என்று நினைத்து இரண்டு தரப்பும் கமுக்கமாகக் கொண்டுவந்த ஆள், யாருக்கும் ஆளாக இல்லாமல் விசிலை ஊதிவிட்டுப் போயிருக்கிறான்.

சிரிப்பு மறுநாள் வரைதான். திங்கட்கிழமை காலை சௌக்கத் அலி கடை வாசலில் நின்று அறிவித்தார்: “அது தோளுன்னு அவன் எல்லார் முன்னாலயும் சொல்லணும். சொல்லலன்னா எம் பொண்ணு கெடையாது.”

அந்தப் பெண் ரிஃபானா, ராயபுரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். வந்த வரனையெல்லாம் மூக்கு, மீசை, பேச்சு என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்தவள். தவ்ஃபீக் வீட்டார் வந்துபோன அன்று மட்டும், யாரும் சொல்லாமலே எல்லா டீ டம்ளரையும் தானே கழுவி அடுக்கினாள் என்று அவள் அம்மா சாபிரா அந்த வாரம்தான் என்னிடம் ரகசியமாகச் சொன்னார். ரகசியம் என்பதால் நானும் நாலைந்து பேருக்கு மேல் சொல்லவில்லை. இப்போது அதே பெண் சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் எழுந்துபோகிறாள். தவ்ஃபீக்கோ துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர்களை அடுக்கிவைக்கும் யார்டில் வேலையைப் பார்த்துக்கொண்டு, “கைதான்” என்பதைத் தவிர எதுவும் பேச மறுக்கிறான்.

வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து சௌக்கத் அலி வீடு திரும்பியபோது வாசலில் அப்பாவு நின்றார். கூடவே பட்டம்மாள், சித்தார்த், பின்னால் தலை குனிந்த தவ்ஃபீக். சமாதானம் பேச வந்திருக்கிறார்கள், என்ன பெரிய மனசு என்று தெருவே உருகியது. சர்க்கரை வாங்கும் சாக்கில் நானும் உள்ளே போய் உட்கார்ந்தேன். பெரிய மனசெல்லாம் ஒன்றும் இல்லை.

“பாய், கல்யாணத்த நிறுத்தாத,” என்றார் அப்பாவு. “நிறுத்துனா ஊரே இன்னா சொல்லும்? அவன் வியாசர்பாடி ஆளு, அதான் பொண்ணு குடுக்கலன்னு சொல்லும். எங்க கப்பு கலீஜ் ஆயிடும். அவன் உன் மாப்புள்ளயா இருந்தாத்தான் அது சுத்தமான பெனால்டி.”

“அப்போ எம் பொண்ண குடுத்து உன் கப்ப நான் கழுவணுமா?”

“சும்மா இருய்யா நீ,” என்று புருஷனை அடக்கினாள் பட்டம்மாள். “பாய், இவரு கெடக்கிறாரு. அந்தப் பொண்ணு மூஞ்சப் பாருங்க. ஒரு பந்துக்காவ யாராவது நல்ல புள்ளய வுடுவாங்களா?”

சௌக்கத் அலி தவ்ஃபீக்கைப் பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“ஒரே வார்த்த. தோளுன்னு சொல்லு. மத்ததெல்லாம் மறந்துடுறேன்.”

தவ்ஃபீக் தலையை நிமிர்த்தினான். “மாமா, வேற இன்னா சொன்னாலும் கேக்குறேன். இனிமே விசில தொடாதன்னா தொடல. ஆனா நான் எதுருல நின்னு பாத்தேன். அது கை.”

சௌக்கத் அலி எழுந்துவிட்டார். சாபிரா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அழுவதற்குத் தயாரானார். அப்போது உள்ளறைத் திரை விலகி ரிஃபானா வந்தாள். அப்பாவையும் பார்க்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. நேராக மூலையில் நின்ற அண்ணனிடம் போனாள்.

“ரஷீது அண்ணே, இந்த மே மாச வெயில்ல இன்னாத்துக்கு முழுக்கை சட்ட?”

“புடிச்சிக் கீது, போட்டுகினு கீறேன். போ உள்ள.”

“சட்டைய மடக்கு.”

“ரிஃபானா, பேஜாரு பண்ணாத.”

அவளே மடக்கிவிட்டாள். உள்ளே அவள் கடையிலிருந்து வந்த கட்டு. அதையும் பிரித்தாள். மணிக்கட்டு ஜாம் பன் அளவுக்கு வீங்கி, நீலம் பாய்ந்திருந்தது.

“கதவுல இடிச்சிகினேன்னு எங்கிட்ட சொன்னான் அத்தா. நானும் நம்பி கட்டு கொண்டாந்து குடுத்தேன். ஞாயித்துக்கெழம ராத்திரியிலேருந்து கரண்டில துன்னுகினு கீறான். தோள்ல பட்ட பந்துக்கு மணிக்கட்டு எப்டி வீங்கும்? கேளுங்க.”

யாரும் கேட்கவில்லை. ரஷீதின் முகமே சொல்லிவிட்டது. “செம்ம வேகமா வந்துச்சு அத்தா,” என்று முனகினான். தன் உதையின் மகிமையை நேரில் கண்ட சித்தார்த், பெருமையை மறைக்கத் தெரியாமல் கூரையைப் பார்த்தான்.

சௌக்கத் அலி மகனின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தார்ப்பாயில் ஓட்டை தேடுகிற மாதிரி பார்த்தார். கடைசியில் நாற்காலியில் சாய்ந்தார்.

“சரி. கை. ஒத்துக்கிறேன்.”

அப்பாவு தொடையில் தட்டினார்.

“இரு, இரு! குதிக்காத. கைதான். ஆனா கை பந்தத் தேடிப் போச்சா, பந்து கையத் தேடி வந்துச்சா? அதச் சொல்லு மொதல்ல! பந்து தானா வந்து பட்டா அது எப்டிய்யா பெனால்டி?”

“தானா வந்துச்சா? கைய ரெண்டு பக்கமும் விரிச்சிகினு குதிச்சான்யா உன் புள்ள, பஸ்ஸ மறிக்கிற கணக்கா!”

“குதிச்சா கை விரியாம இன்னா பண்ணும்? கைய கழட்டி வச்சிட்டா குதிப்பான்?”

“மாமா,” என்று தவ்ஃபீக் வாயைத் திறந்தான்.

“நீ கம்முனு இரு!” என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் சாபிரா யாரையும் கேட்காமல் சர்க்கரை டப்பாவைத் திறந்து தவ்ஃபீக்கின் வாயில் ஒரு சிட்டிகை போட்டார். பட்டம்மாளுக்கும் போட்டார், எனக்கும் கிடைத்தது. பட்டம்மாளும் சாபிராவும் அடுப்படியில் நின்று நாளைக் குறித்து, பிரியாணிக்கு ஆள் யார் என்பது வரை பேசி முடித்தார்கள். ஹாலில் பந்து இன்னும் கையைத் தேடிக்கொண்டிருந்தது. ரிஃபானா அண்ணனின் மணிக்கட்டில் கட்டைத் திரும்பச் சுற்றினாள், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே இறுக்கி.

நிக்காஹ் ஆகஸ்டில் நடந்தது. வியாசர்பாடிக்காரர்கள் வேனில் வந்து இரண்டு பந்தி சாப்பிட்டார்கள், குறை சொல்லாமல். தவ்ஃபீக்கும் ரிஃபானாவும் இரண்டு பேட்டைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ள வேண்டாமென்று எண்ணூரில் வாடகைக்கு வீடு பார்த்துப் போய்விட்டார்கள். இப்போது வடக்கே மீஞ்சூர் பக்கம் நடக்கும் போட்டிகளுக்கு மட்டும் அவன் விசில் ஊதுகிறான். ரஷீது ஷார்ஜாவில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலைக்குப் போனான். அங்கே அறையில் இருப்பவர்களிடம் தோள் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறானாம். சித்தார்த்துக்குச் சென்ற தையில் அயனாவரத்தில் பெண் எடுத்தார்கள். பெண் தங்கமானவள். ஆனால் அந்த வீட்டில் எல்லோரும் கிரிக்கெட் பார்க்கிறவர்கள் என்று பட்டம்மாள் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள், ஏதோ பரம்பரை நோயைச் சொல்வதைப் போல.