பதின்மூன்றாவது கேள்வி

லிண்ட்சி செப்டம்பரில் ஐந்து அட்டைப்பெட்டிகள் கொடுத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு மெழுகுவர்த்தி, ஒரு குட்டி ஷாம்பெய்ன் பாட்டில், முதுகில் எழுத்துப் போட்ட ஒரு பட்டு அங்கி. பெட்டி மூடியின் உள்பக்கம், ‘என் கல்யாணத்தில் தோழியாக நிற்பாயா?’ என்று அச்சடித்திருந்தது. நான்கு அங்கிகளில் ‘மணத்தோழி’. ஹேசலுடையதில் மட்டும் ‘தலைமைத் தோழி’.

ஹேசலுக்கு அதில் ஆச்சரியம் இல்லை. பதினொரு வயதிலிருந்து லிண்ட்சிக்கு அவள்தான் எல்லாம். போதாததற்கு இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் கல்யாண உடைகளை அளவு திருத்தித் தரும் கடையில் வேலை. தலைமைத் தோழி என்றால் மற்றத் தோழிகளை மேய்க்க வேண்டும், கல்யாணத்துக்கு முன் பெண்கள் மட்டும் கூடிக் கூத்தடிக்கும் ‘கோழி விருந்தை’ நடத்த வேண்டும், அன்றைக்கு மணப்பெண் கழிப்பறைக்குப் போனால் கூடவே போய்ப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சரி என்றாள்.

ஜனவரியில் தோழிகளின் உடை முடிவானது. மங்கிய பச்சை, தோளில் மெல்லிய நாடா, கை இல்லை. பிப்ரவரியில் லிண்ட்சி மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வந்தாள்.

"ஐஸ்ல வழுக்கிட்டேன்டி. மீன்கடை வாசல்ல. வரிசையில நின்ன அத்தனை பேரும் பார்த்தானுங்க."

அந்த வாரம் ஹல்லில் ஐஸ் இல்லை. மழைதான். ஹேசல் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் லிண்ட்சி சிரித்துப் பேச்சை மாற்றினாள். மார்ச்சில், எல்லா உடைக்கும் முழுக்கை வேண்டும் என்றாள். தனக்கும் தோழிகளுக்கும்.

"ஜூலை மாசத்துல முழுக்கையா? கல்யாணமா, இல்ல கன்னியாஸ்திரிங்க ஊர்வலமா?" என்றாள் டெப்பி. அவளும் தோழிகளில் ஒருத்தி. வாய் கொஞ்சம் அதிகம்.

"லேஸ் வச்சா நல்லாத்தான் இருக்கும்," என்றாள் லிண்ட்சி.

ஹேசல் ஆறு உடைகளுக்கும் லேஸ் கை வைத்துத் தைத்தாள். மணப்பெண் மட்டும் கையை மூடினால் ஊர் கேட்கும். ஆறு பேரும் மூடினால் அது நாகரிகம். இதை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கோழி விருந்தில் ஒரு வினாடி வினா உண்டு. மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே கேள்விகள் கேட்டு வீடியோ எடுத்து வைத்துக்கொள்வார்கள். விருந்தில் அதே கேள்விகளை மணப்பெண்ணிடம் கேட்பார்கள். அவள் சொன்ன பிறகு அவன் சொன்னதை ஓட்டிக் காட்டுவார்கள். பதில் பொருந்தாவிட்டால், ஒவ்வொரு தப்புக்கும் ஒரு பபிள்கம் வாயில் போட்டு மெல்ல வேண்டும். துப்பக் கூடாது.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹேசல் வீடியோ எடுக்க மாப்பிள்ளை டேரன் வீட்டுக்குப் போனாள். லிண்ட்சியும் அங்கேதான் குடியிருந்தாள்; அன்றைக்குத் தன் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தாள். டேரன் நல்ல உயரம், சிரித்த முகம். டீ போட்டுக் கொடுத்தான். பிஸ்கட்டைத் தட்டில் வட்டமாக அடுக்கினான்.

"அவளோட கெட்ட பழக்கம் என்ன?"

"சொன்னதை மறந்துடுவா." கேமராவைப் பார்த்துக் கண்ணடித்தான். "இப்ப பரவால்ல. ஒரு தடவை சொன்னா போதும்."

"யார் முதல்ல மன்னிப்புக் கேப்பா?"

"அவதான். இதுகூட ஒரு கேள்வியா?"

பன்னிரண்டு கேள்விகள் முடிந்தன. பேப்பரில் அவ்வளவுதான் இருந்தது. ஹேசல் பேப்பரைப் பார்ப்பது போல் குனிந்து, இல்லாத ஒன்றைப் படித்தாள்.

"கடைசி. அவ கை எப்படி ஒடைஞ்சுது? சிரிக்கிற மாதிரி சொல்லணும்."

டேரன் உடனே சொன்னான். "ஏணி. திரைச்சீலை மாட்டறேன்னு ஏறுனா. மூணாவது படிக்கு மேல அவளுக்குத் தலை சுத்தும்னு இந்த ஊருக்கே தெரியும்."

ஹேசல் நன்றி சொல்லி ஃபோனைப் பைக்குள் போட்டாள். பிஸ்கட்டைத் தொடவில்லை.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது, வந்ததுமே பிடித்தும் போனது. தனியாகக் கேட்டால் லிண்ட்சி சிரித்து மழுப்புகிறாள். பத்துப் பெண்கள் நடுவில் இரண்டு பதிலும் அடுத்தடுத்து வந்து விழுந்தால்? ஒருத்தியாவது கேட்பாள். ஒருத்தி கேட்டால் இன்னொருத்தி வாய் திறப்பாள். அப்புறம் மூட முடியாது.

ஜூன் மாதம் பிரிட்லிங்டனில், கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலின் மாடி அறையை எடுத்தார்கள். சனிக்கிழமை மதியம் விருந்து, இரவு அங்கேயே தங்கல். மூன்றடுக்குத் தட்டில் சாண்ட்விச், கேக், எல்லார் கையிலும் ஒயின். உறிஞ்சு குழல்கள், கேலிக்காக, ஆண்குறி வடிவத்தில் இருந்தன. டேரனின் அம்மா மட்டும் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு நேராகவே குடித்தாள். டேரனின் அக்கா மெலனி எல்லாவற்றையும் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். லிண்ட்சி தலையில் ஒரு வெள்ளைத் துணி, தோளில் குறுக்காக ‘மணப்பெண்’ என்று எழுதிய பட்டை. ஊதா நிறத்தில் முழுக்கைச் சட்டை.

பன்னிரண்டு கேள்விகளுக்கும் லிண்ட்சி சரியாகச் சொன்னாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. கெட்ட பழக்கம்? "மறந்துடுவேன்." யார் முதலில் மன்னிப்பு? "நான்." அவன் வாயிலிருந்து என்ன வரும் என்று வார்த்தை பிசகாமல் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"என்னடி இது, பரீட்சைக்குப் படிச்ச மாதிரி சொல்ற?" என்றாள் டெப்பி. "பபிள்கம் அப்படியே கெடக்கு. நானே மென்னு என் பல்லை ஒடச்சிக்கவா?"

"என் தம்பி குடுத்து வச்சவன்," என்றாள் மெலனி.

ஹேசல் பேப்பரைத் திருப்பினாள். பின்பக்கம் காலி.

"கடைசிக் கேள்வி. மணப்பெண் கை எப்படி ஒடைஞ்சுது?"

லிண்ட்சி அவளைப் பார்த்தாள். உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் இல்லை.

"இது லிஸ்ட்ல இருக்கா?"

"இருக்கு."

"ஐஸ்ல," என்றாள் லிண்ட்சி. "ஐஸ்ல வழுக்கி."

ஹேசல் ப்ரொஜெக்டரில் வீடியோவை ஓட்டினாள். டேரனின் முகம் சுவர் முழுக்க வந்தது. ஏணி. திரைச்சீலை. மூணாவது படி.

ஒரு நொடி அமைதி. ஹேசல் அதற்காகத்தான் ஐந்து வாரம் காத்திருந்தாள்.

பிறகு அறை வெடித்தது. "தப்பு! தப்பு!" என்று டெப்பி மேஜையைத் தட்டினாள். "பபிள்கம்! எடுங்கடி!"

"இரு இரு," என்று மெலனி கத்தினாள். "எங்கிட்ட கார் கதவுல மாட்டிக்கிச்சுன்னான்! மூணு கதை! அன்னிக்கு ரெண்டு பேரும் என்ன போதையில இருந்தீங்களோ! மூணு பபிள்கம் போடு அவளுக்கு!"

டேரனின் அம்மா தட்டிலிருந்து ஒரு சாண்ட்விச்சை எடுத்தாள். அதன் ஓரத்தைப் பிய்த்தாள். யாரையும் பார்க்கவில்லை. அந்த அறையில் அவளுக்கு மட்டும் விஷயம் தெரியும் என்று ஹேசலுக்கு அப்போது புரிந்தது. அவள் வாயைத் திறக்கப் போவதில்லை என்பதும் புரிந்தது.

அந்த விளையாட்டில் பதில் பொருந்தாமல் போவதுதான் வேடிக்கை. சிரிப்பதற்காகத்தான் கேட்கிறார்கள். இதை ஹேசல் யோசிக்கவே இல்லை.

மூன்று பபிள்கம்மையும் டெப்பியே பிரித்து லிண்ட்சியின் வாயில் திணித்தாள். லிண்ட்சி கன்னம் உப்ப மென்றாள். பேச முடியாது. ஹேசலைப் பார்த்துக்கொண்டே மென்றாள்.

"எல்லாத்தையும் வீடியோ எடுத்து டேரனுக்கு அனுப்பிட்டேன்," என்றாள் மெலனி, ஃபோனைத் தூக்கிக் காட்டி. "பார்த்துட்டான். சிரிக்கிற மூஞ்சி போட்டிருக்கான்."

கழிப்பறையில் லிண்ட்சி குனிந்து பபிள்கம்மைத் துப்பிக்கொண்டிருந்தாள். ஹேசல் கதவைச் சாத்தினாள்.

"என்னடி பண்ணி வச்சிருக்க?" என்றாள் லிண்ட்சி.

"உனக்காகத்தான் பண்ணேன்."

"எனக்காகவா?" லிண்ட்சி வாயைத் துடைத்தாள். "ஏணின்னுதான் அவன் எனக்குச் சொல்லிக் குடுத்தான். அதுக்கு முன்னாடியே உங்கிட்ட ஐஸ்னு ஒளறிட்டேன். அது அவனுக்குத் தெரியாது. இப்ப தெரியும்."

"அப்ப ஏணின்னு சொல்லியிருக்கலாமே?"

"கேட்டது நீ. உன் மூஞ்சியப் பார்த்ததும் உங்கிட்ட சொன்னதுதான் வாயில வந்துச்சு."

ஹேசல் அவள் கையைப் பிடித்தாள். வெளியே யாரோ பாட்டுப் போட்டார்கள்.

"வீட்டுக்குப் போகாத. நாளைக்கு எங்கூட வா. என் வீட்டுக்கு."

"இன்னும் அஞ்சே வாரம்டி. நூத்தி இருபது பேருக்குச் சாப்பாடு சொல்லியாச்சு. மெலனி வெளிய நிக்கிறா. எங்க போறது?" கண்ணாடியைப் பார்த்துத் தலைத்துணியைச் சரிசெய்தாள். "இனிமே யார் கேட்டாலும் ஏணின்னு சொல்லு. நீயும்."

ஞாயிற்றுக்கிழமை மெலனியின் காரில் லிண்ட்சி வீட்டுக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை ஹேசலுக்கு ஒரு செய்தி வந்தது. ‘மெலனி தலைமைத் தோழியாக இருப்பாள். நீ வர வேண்டாம். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.’ மூன்று வாக்கியம், மூன்று முற்றுப்புள்ளி. லிண்ட்சி பிறந்ததிலிருந்து ஒரு செய்தியிலும் முற்றுப்புள்ளி வைத்தவள் இல்லை. ஹேசல் போலீசுக்குப் போன் செய்தாள். இரண்டு பேர் போனார்கள். லிண்ட்சியே வாசலுக்கு வந்து ஏணி என்று சொன்னாள். அவர்கள் எழுதிக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் மெலனி கடைக்கு வந்தாள். தோளில் கல்யாண உடை, பையோடு.

"அந்த அங்கி வேணும். தலைமைத் தோழின்னு போட்டது. உன் பேரா போட்டிருக்கு? எனக்குச் சரியாத்தான் இருக்கும்."

"கொண்டாந்து தரேன்."

"அப்புறம் இதுக்குக் கழுத்து வேணும். தாடை வரைக்கும். லேஸ்லயே."

"எதுக்கு?"

"விழுந்துட்டா. ஏணியில." மெலனி ஹேசலைப் பார்க்காமல் உடையைப் பார்த்துத்தான் பேசினாள். "கல்யாண நேரத்துல வீட்டை அலங்காரம் பண்றேன்னு ஏறியிருக்கா. சொன்னா கேக்கறாளா."

இப்போது எல்லாருடைய பதிலும் ஒன்றாகிவிட்டது.

"ஆள் வரணும்," என்றாள் ஹேசல். "கழுத்தை அளக்காம காலர் வைக்க முடியாது."

மெலனி யோசித்தாள். மூன்று வாரம்தான் இருந்தது, ஜூலையில் ஹல்லில் வேறு எந்தக் கடையும் புது வேலை எடுக்காது. "சரி. நான் கூட்டிட்டு வரேன்."

வியாழக்கிழமை கூட்டி வந்தாள். அளவு பார்க்கும் இடத்துக்கு ஒரு திரைதான். மெலனி திரைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, வினிகர் ஊற்றிக் காரப்பொடி தூவிய சிப்ஸைப் பொட்டலத்திலிருந்து தின்றாள். கடை முழுக்க வினிகர் நாற்றம். உள்ளே ஹேசலும் லிண்ட்சியும். அவர்களுக்குப் பின்னால், துணிமூட்டை இறக்கும் சந்துக்குத் திறக்கும் ஒரு கதவு. ஹேசல் காலையிலேயே அதன் தாழ்ப்பாளை எடுத்துவிட்டிருந்தாள்.

லிண்ட்சி கழுத்துத் துணியை அவிழ்த்தாள். ஒரு பக்கம் நான்கு விரல் தடம், இன்னொரு பக்கம் ஒன்று. மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறிக்கொண்டிருந்தது. தோழிகளின் உடையும் கிட்டத்தட்ட அதே பச்சைதான்.

ஹேசல் டேப்பைச் சுற்றினாள். விரல் படாமல் சுற்ற முடியவில்லை. லிண்ட்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

"கதவு தொறந்துதான் இருக்கு," என்றாள் ஹேசல், உதட்டை அசைக்காமல். "டாக்சி நிக்குது."

லிண்ட்சி திரும்பிக் கதவைப் பார்த்தாள். கதவுக்குக் கீழே வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. ஹேசல் காத்திருந்தாள். வெளியே பொட்டலம் கசங்கியது.

"முடிஞ்சுதா?" என்றாள் மெலனி.

"அவளை அளக்க விடு," என்றாள் லிண்ட்சி சத்தமாக. பிறகு தலையைத் திருப்பிக்கொண்டாள். கதவை மறுபடி பார்க்கவில்லை. "இன்னிக்கு முடியாதுடி. அம்மா தனியா இருக்கா. அவன் நேரா அங்கதான் போவான்."

ஹேசல் அளவை எழுதினாள். பென்சில் முனை ஒடிந்தது. வேறொன்றை எடுத்தாள்.

"ஒரு பை வைக்க முடியுமா?" என்று லிண்ட்சி கேட்டாள். "உள்பக்கம். இடுப்புத் தையல்ல. வெளிய தெரியக் கூடாது."

"எவ்ளோ பெரிசு?"

"உன் வீட்டுச் சாவி போற அளவுக்கு."

ஹேசல் காலரை இரண்டு நாளில் முடித்தாள். பைக்கு ஒரு நாள் எடுத்தது. சாவியை மெல்லிய துணியில் சுற்றி உள்ளே வைத்தாள், நடக்கும்போது சத்தம் வராமலிருக்க. அதுதான் மணப்பெண்ணுக்கு அவள் கொடுத்த பரிசு. அங்கியையும் உடையையும் சேர்த்து மெலனி வாங்கிக்கொண்டு போனாள்.

கல்யாணம் சொன்ன தேதியில் நடந்தது. படங்களை டெப்பி காட்டினாள். எல்லாரும் முழுக்கையில், பச்சையில் நின்றார்கள். லேஸ் காலரை எல்லாரும் பாராட்டியதாகவும், அடுத்த வருடம் தன் கல்யாணத்துக்குத் தானும் அப்படித்தான் வைக்கப் போவதாகவும் டெப்பி சொன்னாள். ஒரு படத்தில் கேக் வெட்டுகிறார்கள். கத்தியைப் பிடித்திருப்பது டேரனின் கை. அதன் மேல் லிண்ட்சியின் இடது கை. வலது கை இடுப்புத் தையலில் இருக்கிறது.

நவம்பரில் ஹேசலின் வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். தெருவில் எல்லா வீட்டுக்கும் புதுக் கதவு போடப் போவதாகச் சொன்னார். குளிர் உள்ளே வராது, பூட்டும் புதுசு.

"எனக்கு வேண்டாம்," என்றாள் ஹேசல்.

"இந்தக் கதவுல காத்து அடிக்குதே."

"அடிக்கட்டும். பூட்டை மாத்த வேண்டாம்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.