உரியவர் வராத துணிகள்

சாயங்காலம் ஆனால் சலவைக்கடைக்காரர் தெருவைப் பார்க்கவே பயப்படுவார். தெருக்கோடியில் இருக்கும் குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகள் அந்த நேரத்தில்தான் கடைக் கண்ணாடிக்கு வெளியே வரிசையாக மைதானத்துக்குப் போவார்கள். சில நாள் அந்த வரிசையின் நடுவே ஒரு மஞ்சள் கவுன் போகும். அதைக் கண்டதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். செத்துப்போன பிள்ளை தெருவில் நடந்து போனால் எந்த மனிதனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியும்?

அந்தக் கவுன் பக்கத்துத் தெரு டீச்சருடைய மகளுடையது. பையில் சிவப்பு நூலால் ஒரு நத்தை. பூ வேண்டாம், பட்டாம்பூச்சி வேண்டாம், நத்தைதான் வேண்டும் என்று மகள் அடம்பிடித்து, டீச்சர் தன் கையாலேயே தைத்தது. மைக்கறை எடுக்கக் கொடுத்த வாரத்திலேயே பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. கறை போயிற்று, பிள்ளையும் போயிற்று.

அதன்பிறகு வருஷக்கணக்கில் டீச்சர் கவுனை எடுத்துப்போகவில்லை. பள்ளிக்குப் போகிற வழியில் எப்போதாவது ஒரு காலை வாசலில் நின்று, "அது இருக்குல்ல?" என்று மட்டும் கேட்பாள். "இருக்கு டீச்சர், பத்திரமா இருக்கு" என்பார் இவர். தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள். சலவைக்கடைக்காரன் வாயில் 'இல்லை' என்ற சொல் வந்ததாகச் சரித்திரமே கிடையாது. துணி ஆற்றோடு போயிருந்தாலும் 'ரெடியா இருக்கு, நாளைக்கு வாங்க' என்பதுதான் அந்தத் தொழிலின் பாஷை. அந்தப் பழக்கத்தில்தான் இவரும் சொன்னார், கொடியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கவுன் கடையில் இல்லை என்பது அவருக்குத் தெரியும். இல்லத்துக்குத் தானமாகக் கொடுத்ததே அவர்தான்.

வருஷா வருஷம் உரியவர் வராத துணிகளை மூட்டை கட்டி இல்லத்துக்குக் கொடுப்பது அவர் வழக்கம். தெருவில் அவருக்கு 'வள்ளல்' என்றே பட்டப்பெயர். முதலில் கேலிக்குச் சொன்னார்கள், பிறகு அதுவே நிலைத்துவிட்டது. மனிதனுக்கு ஒரு நல்ல பெயர் கிடைத்துவிட்டால் தொலைந்தது, அப்புறம் அந்தப் பெயருக்குச் சோறு போட்டே ஆயுசு போய்விடும்.

போன வாரம் டீச்சர் வாசலில் நிற்காமல் உள்ளேயே வந்துவிட்டாள்.

"வீட்டை மாத்திட்டு வேற ஊருக்குப் போறேன். ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறேன். இப்பதான் அதைத் தொடலாம்னு ஒரு தைரியம் வந்திருக்கு."

"தாராளமா வாங்க டீச்சர்," என்றார். அவள் தலை மறைந்ததும் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மனைவி உள்ளேயிருந்து வந்தாள். "என்னங்க, பேய் அறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?"

சொன்னார். வேறு வழி?

"அட பாவி மனுஷா! மத்ததை விடுங்க, மறந்துபோனதுங்க. இது மறந்த துணியா? தெரிஞ்சே எப்படிங்க கை வந்தது?"

"அந்த வருஷம் இல்லத்து விழாவுல மேடைக்குக் கூப்பிட்டிருந்தாங்க. மூட்டை இத்துனூண்டு இருந்துச்சு. மேடையில அதைத் தூக்கிக்கிட்டு எப்படி ஏறுறது? செத்த பிள்ளை துணி, அந்தம்மா எங்க வரப்போறாங்கன்னு..."

"கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்சிருக்கீங்க. கை தட்டல் மட்டும் உங்களுக்கு!"

"போய்த் திருப்பிக் கேட்டு வாங்கிட்டு வரேன்."

"நல்லாயிருக்கு! தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதேம்பாங்க. நீங்க மாட்டையே அவுத்துக்கிட்டு வரப் போறீங்களா?"

அவள் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் டீச்சர் முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று சொல்ல அவருக்குத் துணிவில்லை. துணிவில்லாதவனுக்குப் பிடுங்கிக்கொள்ளச் சின்னப் பிள்ளைதானே கிடைக்கும்?

சனிக்கிழமை, அட்டைப்பெட்டியில் வைத்த புது கவுன் ஒன்றோடு இல்லத்துக்குப் போனார். "வள்ளல் சார் வந்திருக்கார்!" என்று வார்டனம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் ஒரு மாதிரியானது. கொடுக்கிறவரைப் பகைத்துக்கொள்ள முடியுமா? அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

மஞ்சள் கவுனோடுதான் வந்தாள். வேறு முகம், வேறு மூக்கு, முன்பல் ஒன்று இல்லை. இத்தனை நாள் கண்ணாடிக்குப் பின்னால் நின்று நடுங்கியது இந்த வாண்டுக்கா என்று அவருக்கு ஒரு கணம் சிரிப்புக்கூட வந்தது. மறுகணம் அந்தப் பையிலிருந்த நத்தை கண்ணில் பட்டது. சிரிப்பு நின்றுவிட்டது.

"சார் இதை எடுத்துக்கிட்டு உனக்குப் புதுசு தர்றாராம்," என்றாள் வார்டனம்மா.

ஏன் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. அழவில்லை. உள்ளே போய் வேறு சட்டை மாற்றிக்கொண்டு, மஞ்சள் கவுனை மடித்து, இரு கையாலும் நீட்டினாள். புது கவுன் இருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதை எப்ப வந்து கேப்பீங்க அங்கிள்?"

குறும்பாகக் கேட்டிருந்தால் அவர் தப்பித்திருப்பார். பஸ் எத்தனை மணிக்கு என்பதுபோல் கேட்டாள். தெரிந்து வைத்துக்கொள்ளத்தான் கேட்டாள். "கேக்க மாட்டேம்மா," என்றார். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

அன்று கவுனைத் துவைத்து, கஞ்சி போட்டு, ஆவி விட்டுத் தேய்த்தார். எல்லாம் பளிச்சென்று வந்தது, விளிம்பைத் தவிர. பிள்ளை வளர வளர இல்லத்தில் மடிப்பைப் பிரித்து இறக்கியிருந்தார்கள். பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு வெளிர்க்கோடு ஓடியது. எத்தனை தேய்த்தும் அது போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வந்தாள். கவுனை மேஜைமேல் விரித்து, நத்தையைத் தடவினாள். விரல் மெல்லக் கீழே இறங்கி விளிம்புக்கு வந்து நின்றது. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு மலர்ச்சியை அவர் அவளிடம் கண்டதே இல்லை.

"வளர்ந்திருக்கா," என்றாள்.

அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"பாருங்களேன், இவ்வளவு வளர்ந்திருக்கா. நான்தான் வந்து பாக்கவே இல்ல."

'ஆமாம் டீச்சர்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போயிருப்பாள். அவர் பெயரும் பிழைத்திருக்கும். ஆனால் அந்தச் சிரிப்பு அவரைப் பயமுறுத்தியது. அதை அப்படியே தெருவில் அனுப்பிவிட்டு அவரால் இனிமேல் தூங்க முடியாது.

"இல்ல டீச்சர்," என்றார். அந்தச் சொல் நாக்கில் கசந்தது. "இது இத்தனை நாள் இங்க இல்ல. நான் இல்லத்துக்குக் குடுத்துட்டேன். அங்க ஒரு பொண்ணு போட்டுக்கிட்டிருந்துச்சு. நேத்துதான் வாங்கிட்டு வந்தேன். என்னை மன்னிச்சுடுங்க."

டீச்சர் கண்ணை மூடித் திறந்தாள். மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. காறித் துப்புவாள் என்று அவர் காத்திருந்தார். துப்பியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அந்தப் பொண்ணு அழுதாளா?"

"இல்ல டீச்சர். சமத்தா கழட்டிக் குடுத்துடுச்சு."

"அழவே இல்லையா?"

"இல்ல."

"என் பொண்ணா இருந்தா கத்தித் தெருவையே கூட்டியிருப்பா. அவளுக்கு நான் இருந்தேன்." கவுனை மடித்து அவர் பக்கம் தள்ளினாள். "கொண்டுபோய்க் குடுத்துடுங்க. நான் குடுத்தேன்னு சொல்லுங்க."

அவள் அழுதது படியிறங்கிய பிறகுதான். மனைவி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இவரால் வாசலைத் தாண்ட முடியவில்லை.

மாலையிலேயே இல்லத்துக்குப் போனார். பிள்ளைகள் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் பழைய சட்டை ஒன்றில் இருந்தாள். புது கவுன் எங்கே என்று கேட்டார்.

"பெட்டியிலயே இருக்கு சார்," என்றாள் வார்டனம்மா. "போட்டுக்கோன்னா மாட்டேங்குது. திரும்பக் கேக்க வரும்போது அழுக்கா இருந்தா நீங்க திட்டுவீங்களாம்."

அவர் அந்தப் பெண்ணின் முன் குந்தி உட்கார்ந்தார். "இந்தாம்மா, இது உனக்குத்தான். இதை ஒரு டீச்சர் குடுத்தாங்க. இனிமே யாரும் கேக்க மாட்டாங்க."

அவள் கவுனைப் பார்த்தாள். ஆசையோடுதான் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கிக்கோ, சாருக்கு நன்றி சொல்லு," என்றாள் வார்டனம்மா.

"நன்றி அங்கிள்," என்றாள். கை மட்டும் முன்னால் வரவில்லை.