ஓரம் மடித்த பக்கம்

வாங்க கண்ணுங்களா, பக்கத்தில் வந்து உட்காருங்க. பசைக்காரி நாவல் எழுதின கதையைச் சொல்கிறேன்.

பசைக்காரி என்றால் பசை விற்கிறவள் இல்லை. நூலகத்தின் பின்னறையில் கிழிந்த புத்தகங்களுக்குத் தையல் போட்டுப் பசை தடவுகிறவள். இருபத்தாறு வருஷ வேலை. பக்கத்தின் ஓரத்தை மடிக்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. "ஒரு துண்டுக் காகிதமா கிடைக்கல இவங்களுக்கு?" என்று திட்டிக்கொண்டே மடிப்பை நகத்தால் நீவி விடுவாள்.

அவள் நாவலுக்குத் திட்டம் போட்டதும் நூலகம் கழித்துக்கட்டிய பழைய பட்டியல் அட்டைகளில்தான். முப்பது அட்டை. யார், எங்கே, ஏன் கோபம், எதற்கு வருத்தம், எல்லாம் அதில் இருந்தது. ஒரு வரி விடாமல் கதைக்குள் கொட்டி, தாள்களைத் தைத்தும் வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருந்தார் ஒரு பதிப்பாளர். "ஒரு தடவைதான் படிப்பேன்மா" என்றும் சொல்லியிருந்தார்.

அதற்கு முன் நாத்தனார் படிக்கட்டும் என்று கொடுத்தாள். மூன்று நாளாகியும் நாத்தனாரின் கொண்டை ஊசி அறுபத்துமூன்றாம் பக்கத்திலேயே செருகிக் கிடந்தது.

"எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு அண்ணி."

"அப்புறம் ஏன் ஊசி நகரவே இல்ல?"

"அடிக்க மாட்டீங்களே? மகன் வெளியூர் போறான், அம்மாவுக்கு வருத்தம். சரி. அதுக்கு நாலு பக்கம் காரணமா? அழுகை வர வேண்டிய இடத்துல கொட்டாவி வருது அண்ணி!"

பசைக்காரிக்கு முகம் தொங்கிப்போயிற்று. வெள்ளிக்கு இன்னும் மூன்றே நாள்.

மறுநாள் வேலை மேஜையில் ஒரு பழைய நாவல், நாலாவது முறையாகத் தையலுக்கு வந்திருந்தது. கையில் எடுத்ததும் தானாக ஒரு பக்கத்தில் திறந்துகொண்டது. அந்த ஓரத்தில் மட்டும் ஏழு மடிப்பு. திட்ட வாயெடுத்தவள், அப்படி என்னதான் இருக்கிறது என்று படித்தாள்.

மகள் வீட்டை விட்டுப் போன மறுநாள், அப்பா பழக்கத்தில் இரண்டு டம்ளரில் டீ ஊற்றுகிறார். இரண்டையும் அவரே குடிக்கிறார். அவ்வளவுதான். வருத்தம் என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் இல்லை.

அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை. அலமாரி அலமாரியாக மடிந்த ஓரங்களைத் தேடித் தேடிப் படித்தாள். அட்டையில் எழுதியது தனக்குத்தான், படிக்கிறவர்களுக்கு இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் திட்டித் தீர்த்த விரல்கள்தான் வழி காட்டியிருக்கின்றன. முகம் தெரியாத அவர்களை நினைத்து அவளுக்குக் கண் கலங்கிற்று.

வியாழன் லீவு போட்டாள். தையலைப் பிரித்து, அந்த நாலு பக்கத்தை உருவிப் போட்டாள். மகன் போன பிறகு, அவன் விட்டுப்போன அரைச் சோப்பை அம்மா துடைத்து, காயவைத்து, டப்பாவில் மூடி வைக்கிறாள். அதை மட்டும் எழுதி, திரும்பத் தைத்து, சாயங்காலமே நாத்தனாரிடம் நீட்டினாள்.

வெள்ளி காலை நாத்தனார் வந்து நின்றாள், கண் சிவந்து.

"ஊசி எங்கே?"

"அது எதுக்கு? கீழ வைக்கவே இல்லையே! அந்தச் சோப்பு... போங்க அண்ணி, காலங்காத்தால அழ வச்சிட்டீங்க."

பசைக்காரி புரட்டிப் பார்த்தாள். சோப்புப் பக்கத்தின் ஓரம் மடிந்திருந்தது. பழக்கத்தில் நகம் அதை நீவப் போயிற்று. பிறகு கையை எடுத்துக்கொண்டாள். பதிப்பாளரிடம் நாவல் அந்த மடிப்போடுதான் போயிற்று. அச்சாகி வந்தபோது முதல் பக்கத்தில் ஒரே வரி: 'ஓரம் மடித்த கைகளுக்கு நன்றி.'

உங்கள் வீட்டிலும் ஓரம் கசங்கிய புத்தகம் ஒன்று எப்போதும் இருக்கட்டும். அதை மடிக்கிற கைகளெல்லாம் நோய் நொடி இல்லாமல், நூறு வருஷம் நல்லா இருக்கட்டும்.